பதினேழாவது வகை

பதினொன்று இருபதுக்கு மங்கையர்க்கரசி ஃப்ரிட்ஜைத் திறந்தாள். பதினொன்று இருபத்தெட்டுக்கும் அது திறந்தே இருந்தது. உள்ளே பாதி முட்டைக்கோஸ், இரண்டு கேரட், ஒரு கிண்ணம் தயிர், பிழிந்து முடித்த எலுமிச்சை மூடி ஒன்று, நேற்று மிஞ்சிய ஆறு சப்பாத்தி. எத்தனை முறை பார்த்தாலும் இவ்வளவுதான். ஆனாலும் முட்டைக்கோஸுக்குப் பின்னால் வேறு ஏதோ ஒன்று, ஒரு யோசனை, ஒரு வழி, யாரோ சமைத்து மூடி வைத்த ஒரு பாத்திரம், ஒளிந்திருக்கக்கூடும் என்று அவள் மறுபடி மறுபடி குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். குளிர்ச்சி முகத்தில் பட்டது. மே மாதத் திருச்சியில் அது சுகமாகத்தான் இருந்தது. இப்படியே நின்றுகொண்டு சாயங்காலம்வரை சமையலைப் பற்றி யோசிக்கலாம் போலிருந்தது. ஹாலில் இரண்டு பெண் குழந்தைகள் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிறைமதிக்குப் பத்து வயது, பூவிழிக்கு ஆறு. அவள் கணவன் கருணாகரனின் பிள்ளைகள். இரண்டு மாதமாக அவளுடைய பிள்ளைகளும்தான் என்று சொல்லிக்கொள்ளலாம். இன்னும் சத்தமாகச் சொல்லிப் பார்த்ததில்லை. அவர்களைப் பெற்ற சுபாஷிணி காய்ச்சலில் போய்ச் சேர்ந்து மூன்று வருஷம். அந்த மூன்று வருஷமும் இந்த அடுப்படியை ஆண்டவள் கருணாகரனின் அக்கா விசாலாட்சி. இன்று காலை பத்தரை மணி பஸ்ஸில் விசாலாட்சி கரூரில் இருக்கும் தன் சொந்த வீட்டுக்குப் போய்விட்டாள், தன் சொந்தக் குக்கரையும் ஒரு பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு. "ரெண்டும் சாப்பிடலன்னா ஒரு போன் போடு மங்கை, அடுத்த பஸ்ல வந்துடறேன்" என்று படியிறங்கும்போது சொன்னாள். அதை அன்பாகத்தான் சொன்னாள். அன்பாகச் சொன்னதுதான் சிக்கல். அதற்கு முன்பே எட்டரை மணிக்குக் கருணாகரன் வேலைக்குப் போயிருந்தான். ஆக இப்போது இந்த வீட்டில் இரண்டு குழந்தைகள், ஒரு ஃப்ரிட்ஜ், முப்பத்தெட்டாவது வயதில் முதல்முறையாக ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பொறுப்பேற்று நிற்கும் ஒருத்தி.

சமைக்கத் தெரியாது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? பெண்கள் பத்திரிகை ஒன்றில் பதினான்கு வருஷமாக மெய்ப்புத் திருத்துகிறவள் அவள். மாதம் ஒரு சமையல் இணைப்பு. முப்பது வகைப் பொங்கல், முப்பது வகைத் துவையல், முப்பது வகை வாழைப்பூ. வாழைப்பூவில் முப்பது வகை எப்படி வரும் என்று அவள் கேட்டதில்லை, வாழைப்பூவுக்கு நடுவில் 'ப்' போட்டிருக்கிறார்களா என்று மட்டும் பார்த்தாள். உலகத்தில் உள்ள எல்லாக் குழம்புகளும் அவள் கண்வழியாகக் கொதித்துப் போயிருக்கின்றன. ஒன்றுகூட கைவழியாகப் போனதில்லை. பத்தொன்பது வயதில் ஹாஸ்டல், பிறகு வேலைக்குப் போகும் பெண்கள் விடுதி, அங்கே மெஸ். மெஸ்ஸில் சாம்பார் வாளியில் வரும், ரசமும் வாளியில் வரும், இரண்டுக்கும் வித்தியாசம் வாளியின் நிறம். யாரும் அவளிடம் இன்று என்ன செய்யலாம் என்று கேட்டதில்லை. கேட்டிருந்தால் மெய்ப்புப் பார்க்கிற மாதிரி பதில் சொல்லியிருப்பாள்: கத்தரிக்காய்க்கு இடையின ரகரம், கறிக்கு வல்லின றகரம். இத்தனைக்கும் அவளுடைய சமையல் வாழ்க்கையில் ஒரே ஒரு பெரிய விபத்து உண்டு, அதுவும் அடுப்புப் பக்கம் போகாமலே நடந்தது. நான்கு வருஷத்துக்கு முன் ஒரு பால் கொழுக்கட்டைக் குறிப்பில் 'உப்பு: ஒரு சிட்டிகை' என்பது 'உப்பு: ஒரு சட்டி' என்று அச்சாகிவிட்டது. பெரம்பலூரிலிருந்து ஒரு வாசகி எழுதினாள்: 'உங்கள் குறிப்பின்படியே செய்தோம். என் மாமனார் இன்னும் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறார்.' ஆசிரியர் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். மங்கை மூன்று நாள் சாப்பிடவில்லை. எந்தக் காலத்திலாவது அந்த மாமனாரை நேரில் பார்த்தால் என்ன சொல்வது என்று இப்போதும் சில சமயம், பஸ்ஸில் போகும்போது, பல் தேய்க்கும்போது, யோசிப்பாள்.

ஃப்ரிட்ஜ் கதவை ஒருவழியாகச் சாத்தினாள். சாத்தியதும் அடுக்களை திடீரென்று சூடாகவும் பெரிதாகவும் ஆனது. கடைக்குப் போகலாம். தெருமுனையில் புரோட்டாக் கடை இருக்கிறது, பிரியாணி இருக்கிறது, கருணாகரன் போகும்போது "எது வேணும்னாலும் வாங்கிக்க" என்றுகூடச் சொன்னான். ஆனால் முதல் நாளே கடைச் சாப்பாடு என்றால் அந்தச் செய்தி அடுத்த பஸ்ஸுக்கு முன்னால் கரூர் போய்ச் சேர்ந்துவிடும். தவிர, அந்தப் பொய் வேறு இருக்கிறது. அந்தப் பொய்யை நினைத்ததும் மங்கை குழாயைத் திறந்து காரணமில்லாமல் கை கழுவினாள். கல்யாணத்துக்கு முன்னால் தில்லை நகரில் ஒரு ஹோட்டலில் வைத்துத்தான் பிள்ளைகளை அவளுக்கு அறிமுகப்படுத்தினான் கருணாகரன். நிறைமதி ரவா தோசையின் ஓட்டை வழியாக அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "உங்களுக்குச் சமைக்கத் தெரியுமா?" என்று கேட்டாள். நேர்முகத் தேர்வில்கூட யாரும் அப்படி நேராகக் கேட்டதில்லை. தெரியாது என்று ஒரு வார்த்தை. மூன்றெழுத்தோ நான்கெழுத்தோ. அதைச் சொல்லியிருக்கலாம். அவள் சொன்னது, "முப்பது வகை தெரியும்." கருணாகரன் பெருமையோடு சிரித்தான். பூவிழி அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு அப்போதுதான் நூறுவரை எண்ண வந்திருந்தது, முப்பது எவ்வளவு பெரியது என்று சரியாகத் தெரிந்திருந்தது. அன்றிலிருந்து வாரம் ஒருமுறையாவது, "முப்பது வகை எப்பச் செய்வீங்க?" என்று கேட்பாள். அத்தை ஊருக்குப் போகட்டும் என்று மங்கை சொல்லிவந்தாள். அத்தை போய்விட்டாள்.

முப்பது வகை. போன மார்ச்சில் வந்த இணைப்பு ஞாபகத்துக்கு வந்தது. 'குறைந்த செலவில் குட்டிகளுக்கு முப்பது மதிய உணவுகள்.' விடுமுறையில் வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு, இருப்பதை வைத்து, அலுக்காத மாதிரி. அதை மூன்று முறை படித்திருக்கிறாள். மூன்று ஆச்சரியக்குறி இருந்த இடத்திலெல்லாம் இரண்டை அடித்திருக்கிறாள். கண்ணை மூடினால் பக்கங்கள் வரிசையாக வந்தன: சாத உருண்டையில் மிளகைக் கண்ணாக வைத்துக் கோழிக்குஞ்சு. உருளைக்கிழங்கைக் குடைந்து படகு. வேர்க்கடலைப் பொடி போட்ட அவல். எல்லாவற்றுக்கும் கடைசியில் 'குழந்தைகள் தட்டையே நக்கிவிடுவார்கள்!' என்று ஒரு உத்தரவாதம். சாத உருண்டைக்குச் சாதம் வேண்டும், சாதத்துக்குக் குக்கர் வேண்டும், குக்கர் இப்போது குளித்தலையைத் தாண்டிக்கொண்டிருக்கும். படகுக்கு உருளைக்கிழங்கு இல்லை. பதினேழாவது வகை: சப்பாத்தி நூடுல்ஸ். 'நேற்றைய சப்பாத்தியைத் தூக்கி எறியாதீர்கள்! நீளநீளமாக நறுக்கி, முட்டைக்கோஸ், கேரட் சேர்த்து வதக்கினால் செலவே இல்லாத நூடுல்ஸ் தயார்!' இதில் அவள் திருத்தியது 'எரியாதீர்கள்' என்று இருந்த ஒரு சொல். அந்த ஒரு றகரம் அவள் போட்டது. அந்த வகையில் இது பாதி அவளுடைய சமையல்தான்.

சப்பாத்திகளைச் சுருட்டி நறுக்க ஆரம்பித்ததும் ஒரு நிம்மதி வந்தது. நறுக்குவது அவளுக்கு வந்தது. ஒவ்வொரு இழையும் ஒரே அகலம், ஒரே நீளம், இரண்டு வரிக்கு நடுவில் விடுகிற இடைவெளி மாதிரி. கேரட்டையும் அப்படியே நறுக்கினாள். முட்டைக்கோஸ் மட்டும் ஒழுங்குக்கு வரவில்லை, அது இயல்பிலேயே பிழை மலிந்த காய். நறுக்கிக்கொண்டே, இதென்ன பெரிய வித்தை, இத்தனை வருஷம் ஏன் பயந்தேன், என்று நினைத்தாள். நினைத்த அதே நொடியில், ஒருவேளை பிள்ளைகள் சாப்பிடவில்லை என்றால், என்றும் நினைத்தாள். சாப்பிடவில்லை என்றால் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அதுதான் கஷ்டம். நிறைமதி எதையும் அவளிடம் நேராகச் சொல்வதில்லை. அவளை எதுவும் சொல்லிக் கூப்பிடுவதும் இல்லை. அம்மா இல்லை, ஆன்ட்டி இல்லை, சித்தி இல்லை. "தண்ணி தீந்துபோச்சு" என்பாள், சுவரைப் பார்த்து. "கேட் திறந்திருக்கு" என்பாள், கேட்டைப் பார்த்து. யாரிடம் சொல்கிறாள் என்பதைக் கேட்கிறவர்கள் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். பள்ளிக்கூடத்தில் வேற்றுமை எட்டு என்று படித்தது. இந்த வீட்டில் ஏழுதான் புழக்கத்தில் இருந்தது. விளிவேற்றுமை இல்லாமலே இரண்டு மாதம் ஒரு குடும்பம் நடக்க முடியும் என்று எந்த இலக்கணத்திலும் எழுதவில்லை. மங்கைக்கு அதில் கோபம் இல்லை. ஒரு பத்து வயதுப் பெண் இவ்வளவு கவனமாக வாக்கியம் அமைப்பதைப் பார்த்தால் தொழில்ரீதியாக ஒரு மரியாதைகூட வந்தது.

பூவிழி வந்து கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். "இது என்ன?"

"பதினேழாவது வகை."

அவள் கண் விரிந்தது. ஹாலைப் பார்த்துக் கத்தினாள்: "அக்கா! பதினேழாவது வகை!"

ஹாலிலிருந்து நிறைமதியின் குரல் நிதானமாக வந்தது. "முதல் பதினாறு எங்க?"

நியாயமான கேள்வி. மங்கை அடுப்பைப் பற்றவைத்தாள். இனி மசாலா. மசாலா என்றால் அந்த அலமாரியைத் திறக்க வேண்டும், அந்த அலமாரியை இரண்டு மாதமாக அவள் கூடியவரை தவிர்த்துவந்தாள். விசாலாட்சி இருந்தவரை தண்ணீர் பிடித்து வைப்பது, பாத்திரம் துடைப்பது என்று ஒதுங்கிவிடலாம். அலமாரியில் ஒரே மாதிரியான பதினெட்டு டப்பாக்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு, சீட்டில் சாய்ந்த அழகான கையெழுத்து. சுபாஷிணியின் கையெழுத்து. வீட்டில் அவளுடைய துணிமணிகள் இல்லை, அவள் வைத்திருந்த ரோஜாத் தொட்டி போன கோடையில் காய்ந்துவிட்டது, ஆனால் இந்தப் பதினெட்டுச் சீட்டுகள் இருந்தன. 'சீறகம்.' 'வெந்தையம்.' 'மிளகாய்தூல்.' 'மல்லிதூல்.' பதினெட்டில் ஏழு தப்பு. முதல் நாள் பார்த்தபோதே மங்கையின் வலது கை தானாகத் தலைமுடியில் செருகியிருக்கும் சிவப்புப் பேனாவைத் தேடியது. வீட்டில் பேனா செருகுவதில்லை என்பது அன்றைக்கு அவளைக் காப்பாற்றியது. கனவில்கூட ஒருமுறை வந்தது: அவள் ஒரு டப்பாவின் லகரத்தை அடித்து ளகரம் போடுகிறாள், பின்னாலிருந்து யாரோ, "ஏன், அதுல என்ன தப்பு?" என்று மிகவும் தன்மையாகக் கேட்கிறார்கள். உயிரோடு இருப்பவர்களின் பிழையைத் திருத்தலாம், அதற்குச் சம்பளம் தருகிறார்கள். இல்லாதவளின் பிழையில் கை வைக்க யாருக்கு உரிமை? சீறகம் சீறிக்கொண்டே இருக்கட்டும். மங்கை அந்த டப்பாக்களைக் கொஞ்சம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, சொற்களாகப் படிக்காமல் உருவங்களாகப் பார்க்கப் பழகியிருந்தாள்.

எண்ணெய் காய்ந்தது. வெங்காயம், முட்டைக்கோஸ், கேரட். அடுத்து: 'மிளகாய்த்தூள்: அரை டீஸ்பூன். மல்லித்தூள்: ஒரு டீஸ்பூன். உப்பு: தேவையான அளவு.' தேவையான அளவு என்ற இரண்டு சொற்களை வாழ்க்கையில் பத்தாயிரம் முறையாவது கடந்திருக்கிறாள். அவற்றில் ஒருபோதும் பிழை இருந்ததில்லை. இப்போது உப்பு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கையில்தான் அது எவ்வளவு பெரிய மோசடி என்று தெரிந்தது. யாருக்குத் தேவையான அளவு? எந்த அளவு என்று தெரிந்தவர்களுக்குக் குறிப்பு எதற்கு? ஒரு சிட்டிகை போட்டாள். பெரம்பலூர் மாமனார் நினைவுக்கு வந்து இன்னொரு சிட்டிகை போடாமல் நிறுத்தினாள். மிளகாய்த்தூள் விஷயத்திலும் பயம் வந்தது. பிள்ளைகளுக்குக் காரம் ஆகாது. குறிப்பின் அடியில் பொடி எழுத்தில் ஒரு யோசனை இருந்தது, அவளே அடைப்புக்குறியைச் சரிசெய்தது: 'காரம் வேண்டாதவர்கள் மிளகாய்த்தூளைத் தவிர்த்து, மல்லித்தூளைக் கூட்டிக்கொள்ளலாம்.' அருமையான யோசனை. பாதுகாப்பான வழி. மிளகாய்தூல் டப்பாவைத் தொடவே இல்லை அவள். மல்லிதூல் டப்பாவை எடுத்து, ஒரு ஸ்பூன், பிறகு குழந்தைகள் மேலிருந்த அக்கறையால் இரண்டு, பிறகு நிறம் போதவில்லை என்று மூன்றாவது ஒன்று. நல்ல சிவப்பு. புத்தகத்தில் படம் போட்டிருந்த அதே சிவப்பு. மல்லித்தூள் இவ்வளவு சிவப்பாக இருக்குமா என்று ஒரு எண்ணம் எட்டிப்பார்த்தது. மெஸ்ஸில் எல்லாமே இந்த நிறம்தானே என்று இன்னொரு எண்ணம் அதை உட்காரவைத்தது. பூவிழி தும்மினாள். மறுபடி தும்மினாள். ஆறு தும்மலுக்குப் பிறகு எண்ணுவதில் சந்தோஷம் வந்து வேண்டுமென்றே அருகில் வந்து தும்மினாள். மங்கைக்கும் கண் எரிந்தது, தொண்டை கமறியது. தாளிப்பு என்றால் இப்படித்தான் என்று அவள் கேள்விப்பட்டிருந்தாள். தும்மலும் கண்ணீரும் இல்லாத சமையல் ஒரு சமையலா? இருமிக்கொண்டே அவள் முதன்முறையாகத் தன்னை ஒரு குடும்பத்துப் பெண்ணாக உணர்ந்தாள்.

பன்னிரண்டே முக்காலுக்கு மூன்று தட்டு. பிள்ளைகள் தரையில் உட்கார்ந்தார்கள். மங்கை பரிமாறிவிட்டு எதிரே உட்கார்ந்து, பார்க்காத மாதிரி பார்த்தாள். நிறைமதி ஒரு வாய் எடுத்தாள். மென்றாள். நிறுத்தினாள். பிறகு மறுபடி மென்று விழுங்கினாள்.  அவள் கண்ணில் நீர் நிறைந்தது. மங்கை தன் தட்டை ஓரமாக நகர்த்தினாள். ஐயோ, அழுகிறாள். அம்மா ஞாபகம். சுபாஷிணி ஒருவேளை இதையே செய்திருப்பாளோ, நேற்றைய சப்பாத்தியை நறுக்கி, இதே கேரட் போட்டு, இதே மாதிரி எதிரே உட்கார்ந்து? மூன்று வருஷமாக அத்தையின் சாம்பாரில் மூடிக்கிடந்த ஏதோ ஒன்றை இந்த ஒரு வாய் திறந்துவிட்டதா? இரண்டாவது வாய் எடுத்தாள் நிறைமதி. இப்போது கண்ணீர் கன்னத்தில் இறங்கியது, மூக்கு நுனி சிவந்தது, ஆனாலும் பேசாமல், அசையாமல், ஒரு பெரிய மனுஷியைப் போல மென்றுகொண்டிருந்தாள். எவ்வளவு கட்டுப்பாடு. எவ்வளவு துக்கம் இந்தச் சின்ன உடம்புக்குள். கையை நீட்டி அந்தத் தலையைத் தொடலாமா? தொட்டால் விலக்கிக்கொள்வாளா? என்ன சொல்லித் தேற்றுவது? அம்மாவை மறக்க வேண்டாம், நான் அவங்க இடத்துக்கு வரலை, பக்கத்துல ஒரு இடம் இருந்தா போதும், என்று ஆரம்பிக்கலாமா? 'பக்கத்துல' என்பது சரியான சொல்லா, 'ஓரத்துல' என்பதா? மங்கையின் கண்ணும் கலங்கியது. வாக்கியத்தை உள்ளுக்குள் ஒருமுறை திருத்தி, தொண்டையைச் செருமி, "நிறை, எனக்குப் புரியுதுடா" என்று தொடங்கினாள்.

அந்த நேரத்தில் பூவிழி தன் முதல் வாயை விழுங்கினாள்.

அலறல் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். "காரம்! காரம்! நாக்கு போச்சு!" என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து ஓடி, சிங்க்கின் மேல் எம்பி, குழாய்க்கு நேரே வாயைத் திறந்தாள். நிறைமதி அதற்குமேல் தாங்க முடியாமல் எழுந்து சர்க்கரை டப்பாவை நோக்கி ஓடினாள். மங்கை தன் தட்டிலிருந்து ஒரு இழையை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். சூடு காதுவரை போய், அங்கேயிருந்து உச்சந்தலைக்கு ஏறி, எதையோ தேடிவிட்டுத் திரும்பி வந்தது.  அவளும் ஓடினாள். ஒரு குழாய்க்கு மூன்று பேர். கிண்ணம் தயிரை மூவரும் மாறி மாறி நக்கினார்கள். சர்க்கரையை உள்ளங்கையில் கொட்டிக்கொண்டார்கள். மங்கை மூச்சிரைக்க, "நீ ஏம்மா சொல்லல? ரெண்டு வாய் சாப்பிட்டியே?" என்று கேட்டாள்.

நிறைமதி தரையைப் பார்த்தாள். "நல்லா இல்லன்னா கஷ்டமா இருக்கும்னு."

யாருக்குக் கஷ்டமாக இருக்கும் என்று சொல்லவில்லை. விளியைப் போலவே அதையும் விட்டுவிட்டாள். மங்கை முகம் கழுவிக்கொண்டாள்.

"எந்த டப்பாலேந்து எடுத்தது?" என்று நிறைமதி அலமாரியைக் கேட்டாள்.

"மல்லித்தூள். மிளகாய்த்தூள் போடவே இல்ல நான்." மங்கை அந்த டப்பாவை எடுத்துக் காட்டினாள்.

"மல்லின்னு எழுதியிருந்தா அதுல மல்லி இருக்காது." நிறைமதி சொன்ன விதம், ஊருக்கே தெரிந்த விஷயத்தைப் புதிதாக வந்தவர்களுக்குச் சொல்கிற விதம். "அத்தைக்குக் கண்ணாடி போடாம படிக்க வராது. கண்ணாடி போட்டுக்கவும் பிடிக்காது. எந்த டப்பா காலியா இருக்கோ அதுல கொட்டிடுவாங்க. மல்லில மிளகாத்தூள். மிளகாத்தூள்ல கடுகு. ரவைல கடலை மாவு. சீரகத்துல மட்டும் சீரகம்தான்."

"அப்ப சீட்டை மாத்தி ஒட்டியிருக்கலாமேம்மா?"

கேட்டுமுடிப்பதற்குள்ளேயே கேட்டிருக்கக் கூடாது என்று தெரிந்துவிட்டது. நிறைமதி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, அந்த மல்லி டப்பாவை மங்கையின் கையிலிருந்து வாங்கி, பழைய இடத்தில், சீட்டு முன்பக்கம் தெரிகிற மாதிரி, திருப்பி வைத்தாள். பிறகு அலமாரிக்குள்ளேயே முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாள். "தூள்ல தப்பு இருக்கு. பெரிய ள் வரணும். எங்க தமிழ் மிஸ் சொல்லிக்குடுத்தப்பதான் எனக்கே தெரிஞ்சுது."

"ம்."

"வெந்தயமும் தப்பு."

"ஆமா."

நிறைமதி திரும்பினாள். "உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"வந்த அன்னைக்கே தெரியும். எனக்கு வேலையே அதான்."

"அப்ப ஏன் திருத்தல?"

மங்கை யோசித்தாள். பதினான்கு வருஷத்தில் இந்தக் கேள்விக்கு அவள் பதில் சொல்ல வேண்டி வந்ததே இல்லை. திருத்தியதற்குத்தான் காரணம் கேட்பார்கள். "அது அப்படியே இருக்கட்டும்னு தோணுச்சு" என்றாள்.

நிறைமதி ஸ்டூல்மேல் நின்றபடி அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ரவா தோசை ஓட்டை வழியாகப் பார்த்ததைவிட இது நேரான பார்வை. பிறகு ஸ்டூலை விட்டு இறங்கி, "இப்ப இதை என்ன பண்றது? பசிக்குது" என்றாள்.

வாணலியில் பதினேழாவது வகை சிவப்பாகக் குவிந்து கிடந்தது. எறிய மனம் வரவில்லை. எறியாதீர்கள் என்று எழுதியிருந்ததில் அவள் போட்ட றகரம் இருக்கிறது. கழுவினால் என்ன என்று பூவிழிதான் சொன்னாள், சட்டையில் காரம் பட்டால் அத்தை அப்படித்தான் செய்வாளாம். எந்த இணைப்பிலும் நூடுல்ஸைக் குழாயில் அலசச் சொல்லிப் படித்ததில்லை மங்கை. ஆனால் குறிப்பு அவளை எங்கே கொண்டுவந்து நிறுத்தியது என்பதை இப்போதுதான் பார்த்தாள். வடிதட்டில் கொட்டிக் குழாயைத் திறந்தார்கள். சிவப்புத் தண்ணீர் ஓடியது. இரண்டாவது அலசலில் அவ்வளவு ஒழுங்காக நறுக்கிய இழைகள் ஒன்றோடொன்று ஒட்டின, மூன்றாவதில் அகலம், நீளம், இடைவெளி எல்லாம் போய்க் களியாகிவிட்டது. மங்கை அதைப் பார்த்துத் துக்கப்படலாமா என்று யோசிப்பதற்குள் பூவிழி கையை விட்டுப் பிசைய ஆரம்பித்திருந்தாள். "ரவையைக் கொட்டுங்க" என்று நிறைமதி உத்தரவிட்டாள். ரவை டப்பாவிலிருந்து கடலை மாவு கொட்டியது. உப்பை யார் போடுவது என்று ஒரு கணம் தயங்கினார்கள். நிறைமதி எடுத்துப் போட்டாள், தேவையான அளவு, யோசிக்காமல். பிறகு உருட்டித் தட்டி தோசைக்கல்லில். ஒன்று முயல், காது கல்லை விட்டு வெளியே போனது. ஒன்று பஸ். வட்டமாகப் பெரிதாக ஒன்றைத் தட்டி, இது அத்தை என்றாள் பூவிழி. அத்தையைத் திருப்பிப் போடும்போது உடைந்துவிட்டாள், மூவரும் ஆளுக்கொரு துண்டு எடுத்துக்கொண்டார்கள். ஓரம் மொறுமொறுவென்று, நடுவில் மெத்தென்று, இன்னும் கொஞ்சம் காரமாக, ஆனால் சர்க்கரை தொட்டுக்கொண்டால் தெரியாத காரமாக இருந்தது. தட்டு யாரும் எடுக்கவில்லை. கல்லிலிருந்து நேராகக் கைக்கு, கையிலிருந்து ஊதி ஊதி வாய்க்கு. மணி ஒன்று இருபது. என்ன சாப்பிடுகிறோம் என்று கேட்டால் மங்கையால் சொல்ல முடியாது. அதற்குப் பெயர் இல்லை, பெயர் இல்லாததால் பிழையும் இல்லை என்று நினைத்துக்கொண்டே நான்காவதை எடுத்தாள்.

மேடைமேல் இருந்த போன் அடித்தது. திரையில் 'அண்ணி' என்று இருந்தது. மங்கையின் இரண்டு கையிலும் மாவு. விசாலாட்சி கரூர் சேர்ந்து, செருப்பைக் கழற்றிய கையோடு கூப்பிடுகிறாள். உண்மையைச் சொல்லிவிட வேண்டியதுதான் என்று மங்கை முடிவு செய்தாள். வரட்டும். குக்கரோடு வரட்டும். இந்த வீட்டில் யாருக்காவது சமைக்கத் தெரிந்திருக்க வேண்டும். அவள் புறங்கையால் போனைத் தள்ளித் தள்ளி எடுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, நிறைமதி பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்துவிட்டாள்.

"அத்தை... ம், சாப்பிட்டுட்டோம்... சாம்பார்." அவள் கண் அடுப்படியைச் சுற்றிவந்து எங்கேயும் நிற்காமல் திரும்பியது. "பீன்ஸ் பொரியல்... ஆமா, நல்லா இருந்துச்சு... காரமா? இல்லையே... பூவியா, ரெண்டு தடவ வாங்கிக்கிட்டா... இல்ல அத்தை, நீங்க எதுக்கு அவ்ளோ தூரம் திரும்பி வரணும், வெயில் வேற... ம், இருங்க, குடுக்கறேன்."

போனை மங்கையின் காதில் அவளே வைத்துப் பிடித்தாள். விசாலாட்சியின் குரல் கூவியது. "பரவால்லையே மங்கை! பீன்ஸுக்குத் தேங்கா போட்டியா?"

மங்கை நிறைமதியைப் பார்த்தாள். நிறைமதி தலையாட்டினாள்.

"போட்டேன் அண்ணி."

"பூவிக்குத் தேங்கா ஆகாதே! எப்படி வாங்கிக்கிட்டா?"

 நிறைமதி ஆள்காட்டி விரலால் காற்றில் எதையோ பொறுக்கி, ஓரமாக ஒதுக்கி வைத்துக் காட்டினாள். "பொறுக்கி ஓரமா வச்சுட்டா அண்ணி" என்றாள் மங்கை.

"அதானே பாத்தேன்! அவ அப்படித்தான் செய்வா" என்று விசாலாட்சி மனம் குளிர்ந்து சிரித்தாள். இன்னும் கொஞ்ச நேரம் கரூர் வெயிலைப் பற்றிப் பேசினாள். பிறகு வைத்துவிட்டாள்.

"நம்ம வீட்டுல பீன்ஸே இல்ல" என்றாள் பூவிழி.

"பேசாம சாப்பிடு." நிறைமதி போனைத் துடைத்து மேடைமேல் வைத்தாள். கொஞ்சம் யோசித்தாள். "நாளைக்கும் இதே நேரத்துக்குக் கூப்பிடுவாங்க. நாளைக்கு என்ன சமைச்சோம்னு இப்பவே முடிவு பண்ணி வச்சுக்கணும்."

மங்கைக்குத் தைரியம் வந்திருந்தது. "வத்தக்குழம்பு?" என்றாள்.

நிறைமதி அவளை மாவுக் கையிலிருந்து வியர்த்த நெற்றிவரை ஒருமுறை பார்த்தாள்.

"அவ்ளோ வேண்டாம். ரசம் போதும். நம்புற மாதிரி இருக்கணும்."